புகைக்குக் கோடு தெரியாது

"புகைப்பவர்கள் பக்கமா, புகைக்காதவர்கள் பக்கமா?"

1980களிலும் 90களிலும் அமெரிக்காவிலோ கனடாவிலோ ஒரு உணவகத்துக்குள் நுழைந்தால் பெரும்பாலும் முதலில் காதில் விழும் கேள்வி இதுதான். மெனு கார்டெல்லாம் அப்புறம். இந்தப் பக்கம் பத்து மேசை சிகரெட்காரர்களுக்கு, அந்தப் பக்கம் பத்து மேசை மற்றவர்களுக்கு. நடுவில் ஒரு சின்னப் பலகை, இல்லையென்றால் இரண்டு பூந்தொட்டி. பல இடங்களில் சுவர்கூடக் கிடையாது. குளத்தின் ஒரு படித்துறையில் சாயத்தைக் கரைத்துவிட்டு, பக்கத்துப் படித்துறையில் தண்ணீர் மொண்டுகொள்ளச் சொல்வது மாதிரி.

ஆனாலும் அன்றைக்கு இது பலருக்கும் நியாயமான ஏற்பாடாகத்தான் பட்டது. அவரவருக்கு அவரவர் இடம், யாருக்கும் சண்டை இல்லை. சாப்பிட வந்தவருக்குப் பக்கத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையாவது இருந்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு பக்கமும் நடந்த பரிமாறும் பெண்ணுக்கு?

அப்படி நடந்தவர்களில் ஒருவர் ஹெதர் குரோ. கனடாவின் ஒட்டாவா நகரத்தில் வெயிட்ரஸ் வேலை பார்த்தவர். உணவகங்களில் 40 வருடத்துக்கு மேல் உழைத்தார். வாழ்நாளில் சிகரெட் பிடித்ததில்லை. 2002-இல் அவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். வேலை செய்த இடத்தின் புகைதான் காரணம் என்று ஒன்டாரியோ மாநிலத்தின் தொழிலாளர் இழப்பீட்டு வாரியமும் ஏற்றுக்கொண்டு இழப்பீடு கொடுத்தது. மீதி இருந்த நாட்களை அவர் வீட்டில் படுத்துக் கழிக்கவில்லை. இன்னொரு வெயிட்ரஸுக்கு இந்த நிலைமை வரக்கூடாது என்று கனடா முழுக்க ஊர் ஊராகப் போய்ப் பேசினார்.

அவர் கதையின் முடிவு கடைசியில். அதற்கு முன்னால், அந்தப் பூந்தொட்டியை அவ்வளவு காலம் அங்கேயே வைத்திருக்கப் பாடுபட்டது யார் என்று பார்த்துவிடலாம்.

பயம் எங்கே தொடங்கியது

சிகரெட் கம்பெனிகளை ரொம்பவும் பயமுறுத்தியது எது? சிகரெட் பிடிப்பவருக்குப் புற்றுநோய் வரும் என்ற செய்தி இல்லை. அது 1950களிலேயே வெளியே வந்துவிட்டது. "அது அவர் இஷ்டம், அவர் உடம்பு" என்று சொல்லித் தப்பிக்க முடிந்தது.

1978-இல் டொபாக்கோ இன்ஸ்டிட்யூட் (அமெரிக்க சிகரெட் கம்பெனிகள் சேர்ந்து நடத்திய அமைப்பு) ரோப்பர் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனத்தை வைத்து மக்களின் மனநிலையை ஆராய்ந்தது. வந்த அறிக்கையின் சாரம் இதுதான்: ஒருவர் புகைத்துத் தன்னைக் கெடுத்துக்கொண்டால் மக்கள் கண்டுகொள்ள மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவரைக் கெடுக்கிறார் என்று நம்பிவிட்டால் விடமாட்டார்கள். இந்தத் தொழிலுக்கு இதுவரை வந்த ஆபத்துகளிலேயே பெரியது இதுதான்.

மூன்றே வருடத்தில் அந்த ஆபத்து ஆதாரத்தோடு வந்து நின்றது. ஜப்பானிய ஆய்வாளர் டகேஷி ஹிராயாமா, புகைக்காத 91,540 மனைவிகளை 14 வருடம் தொடர்ந்து கவனித்து, 1981-இல் முடிவை வெளியிட்டார். கணவன் அதிகம் புகைக்கப் புகைக்க, புகைக்காத மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் வருவதும் அதிகமாக இருந்தது. கணக்கில் பிழை இருக்கிறது என்று டொபாக்கோ இன்ஸ்டிட்யூட் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக விளம்பரம் கொடுத்தது. அதே வருடம் பிரவுன் அண்ட் வில்லியம்சன் கம்பெனிக்குள் எழுதப்பட்ட குறிப்பு ஒன்று வேறு கதை சொன்னது. ஹிராயாமா சொன்னது சரிதான் என்று சிகரெட் தொழிலின் சொந்த நிபுணர்களே கருதுகிறார்கள் என்று அதில் இருந்தது.

இதெல்லாம் வெளியே எப்படித் தெரிந்தது? 1990களில் வழக்கு மேல் வழக்காக வந்தது. 1998-இல் அமெரிக்க மாநிலங்களுடன் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, வழக்குகளில் ஒப்படைத்த உள் ஆவணங்களைக் கம்பெனிகள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டி வந்தது. லட்சக்கணக்கான ஆவணங்கள் இன்று கலிஃபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இருக்கின்றன. ஒரு தொழில் தன் டைரியைத் தானே ஊருக்குப் படிக்கக் கொடுத்த மாதிரி.

கடன் வாங்கிய குரல்

அந்த டைரியில் திரும்பத் திரும்ப வரும் உத்தி ஒன்று உண்டு. சிகரெட் கம்பெனி நேரில் வந்து பேசினால் யாரும் நம்ப மாட்டார்கள். அதனால் நம்பத்தக்க வேறு யாராவது பேச வேண்டும். உணவகக்காரரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்குமா?

1987-இல் கலிஃபோர்னியாவின் பெவர்லி ஹில்ஸ் நகரம் உணவகங்களில் புகைக்கத் தடை போட்டது. உடனே "பெவர்லி ஹில்ஸ் உணவக சங்கம்" என்று ஒன்று முளைத்தது. வியாபாரம் 30 சதவீதம் விழுந்துவிட்டது என்று முறையிட்டது. நகர மன்றம் பயந்துபோய் நான்கே மாதத்தில் தடையைத் தளர்த்திவிட்டது. பிறகு விற்பனை வரிக் கணக்கை எடுத்துப் பார்த்தால் அந்த 30 சதவீத வீழ்ச்சியைக் காணவே காணோம். 1994-இல் நியூயார்க் நகர மன்றத்தில் இதே மாதிரி ஒரு சட்டம் பேசப்பட்டபோது, அந்தச் சங்கத்தின் தலைவராக இருந்த பாரி ஃபோகலே உண்மையைச் சொல்லிவிட்டார். தடை வருவதற்கு முன் அப்படி ஒரு சங்கமே கிடையாது, அதை உருவாக்கியது சிகரெட் தொழில்தான் என்று.

உணவகக்காரர்களின் பயம் முழுக்கப் பொய் என்று சொல்லிவிட முடியாது. கடன் வாங்கிக் கடை போட்டவருக்கு ஒரு மேசை காலியாக இருந்தாலே வயிற்றைக் கலக்கும். பயம் நிஜம். அந்தப் பயத்துக்கு ஒரு எண்ணைக் கொடுத்து, ஒரு சங்கத்தைக் கொடுத்து, நகர மன்றத்துக்கு அனுப்பி வைத்தவர்களின் கணக்குதான் வேறு.

1994-இல் கலிஃபோர்னியாவில் நடந்தது இதைவிடத் துணிச்சல். மாநிலம் முழுவதும் வேலையிடங்களில் புகைக்கத் தடை விதிக்கும் சட்டம் வந்தது. அதே நேரத்தில் பிலிப் மோரிஸ் தானே புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்றை எழுதி, பொது வாக்கெடுப்புக்குக் கொண்டு வந்தது. பெயர் புரோபொசிஷன் 188. வெளியிலிருந்து பார்த்தால் மாநிலம் முழுக்கக் கட்டுப்பாடு கொண்டு வரும் நல்ல சட்டம் போலத் தெரியும். நிறைவேறியிருந்தால், நகரங்கள் போட்டிருந்த கடுமையான தடைகளை எல்லாம் அது துடைத்துப் போட்டிருக்கும். இப்படி ஒரு தந்திரம் இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சட்டத்தை எதிர்ப்பது ஒரு வழி. பலவீனமான சட்டத்தைத் தானே முன்வந்து கொடுப்பது அதைவிட நல்ல வழி! கலிஃபோர்னியா மக்கள் ஏமாறவில்லை. 70 சதவீதத்துக்கும் மேல் எதிராக ஓட்டுப் போட்டார்கள்.

மரியாதை என்ற சொல்

சட்டத்தைத் தடுக்க முடியாத இடங்களில் இன்னொரு யோசனை வேலை செய்தது. 1980களின் கடைசியில் பிலிப் மோரிஸ் ஒரு திட்டம் தொடங்கியது. புகைப்பவரும் புகைக்காதவரும் ஒருவரை ஒருவர் அனுசரித்துப் போகலாம் என்பது அதன் செய்தி. உணவகங்களுக்குப் பலகைகள், காற்றோட்ட வசதி பற்றிய ஆலோசனை எல்லாம் கிடைத்தன. 1990களில் இதுவே சர்வதேச ஓட்டல் சங்கத்தின் துணையோடு "கர்ட்டசி ஆஃப் சாய்ஸ்" என்ற பெயரில் பல நாடுகளுக்குப் போனது. லத்தீன் அமெரிக்காவில் "இணக்கமாகச் சேர்ந்து வாழ்வோம்" என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள்.

இதில் நடந்த மாற்றத்தைக் கவனியுங்கள். நுரையீரல் பற்றிய பேச்சு நல்ல பழக்கவழக்கம் பற்றிய பேச்சாக மாறிவிட்டது. புகை விஷமா இல்லையா என்ற கேள்வி போய், நீங்கள் விட்டுக்கொடுப்பவரா இல்லையா என்ற கேள்வி வந்துவிட்டது. எதிர்ப்பவர் சிடுமூஞ்சி ஆகிவிடுவார். மரியாதை தெரியாதவர் என்ற பெயர் வாங்க யாருக்குத்தான் ஆசை?

காற்றோட்டக் கருவிகளை நம்பிய வாதத்துக்கு 2005-இல் அடி விழுந்தது. கட்டடக் காற்றோட்டத்துக்குத் தரம் வகுக்கும் ஆஷ்ரே என்ற பொறியாளர் சங்கம், உட்புறத்தில் புகைக்கத் தடை விதிப்பது ஒன்றே இந்த ஆபத்தை முழுதாகப் போக்கும் வழி என்று சொல்லிவிட்டது. அடுத்த வருடம் அமெரிக்க சர்ஜன் ஜெனரல் அறிக்கையும் அதையே சொன்னது. இடத்தைப் பிரித்தாலும் காற்றைச் சுத்தம் செய்தாலும் போதாது. இவ்வளவு புகை என்றால் பரவாயில்லை என்று சொல்ல ஒரு அளவும் இல்லை.

2006 ஆகஸ்டில் வாஷிங்டன் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், 1,600 பக்கத்துக்கும் மேற்பட்ட தீர்ப்பில், பிறர் புகையின் தீங்கு உட்பட பல விஷயங்களில் கம்பெனிகள் மக்களை ஏமாற்றின என்று எழுதினார். அப்பீல் மேல் அப்பீல் போய், 2017 நவம்பரில்தான் அவை பத்திரிகைகளிலும் டிவியிலும் தங்கள் செலவில் திருத்த அறிக்கை வெளியிட ஆரம்பித்தன. பிறர் விடும் புகை வருடத்துக்கு 38,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களைக் கொல்கிறது என்று அதில் அவர்களே சொல்ல வேண்டியிருந்தது. ஹிராயாமாவின் ஆய்வு வந்து 36 வருடம் கழித்து.

இந்தியாவில்

கடல் தாண்டிய கதை என்று நினைத்துவிட வேண்டாம். 1999-இல் கேரள உயர் நீதிமன்றம் பொது இடத்தில் புகைப்பதைத் தடை செய்தது. 2001-இல் முரளி தேவ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கத் தடை விதித்தது. 2003-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 2008-இல் அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, விதிகள் கடுமையாக்கப்பட்டு அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளன்று நடைமுறைக்கு வந்தன. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம்.

அந்தத் தேதி நெருங்கியபோது வழக்குப் போட்டவர்களில் ஐ.டி.சி. நிறுவனமும் ஓட்டல் துறையினரும் இருந்தார்கள். உச்ச நீதிமன்றம் விதிகளுக்குத் தடை கொடுக்க மறுத்துவிட்டது. இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. அமெரிக்காவில் சிகரெட் கம்பெனி, ஓட்டல்காரரின் குரலைக் கடன் வாங்க வேண்டியிருந்தது. இந்தியாவில் அந்தச் சிரமம்கூட இல்லை. நாட்டின் மிகப் பெரிய சிகரெட் கம்பெனியான ஐ.டி.சி.யே பெரிய ஓட்டல் முதலாளியாகவும் இருந்தது. அது ஓட்டல் தொழிலில் காலடி வைத்ததும் 1975-இல் சென்னையில், சோழா ஓட்டலில்தான். அந்த ஓட்டல் தொழில் தனி நிறுவனமாகப் பிரிந்தது 2025-இல்.

விதிகள் வந்தன. ஆனால் 2003 சட்டத்திலேயே ஒரு வாசல் திறந்திருந்தது. 30 அறைகள் உள்ள ஓட்டலும், 30 பேர் உட்காரும் உணவகமும், விமான நிலையமும் புகைப்பதற்குத் தனி இடம் வைத்துக்கொள்ளலாம். அந்த இடத்துக்குச் சுவர் வேண்டும், தானே மூடும் கதவு வேண்டும், புகை வெளியே போக வழி வேண்டும் என்று 2008 விதிகள் சொல்லின. பூந்தொட்டி போய்ச் சுவர் வந்தது. முன்னேற்றம்தான். ஆனால் சுவருக்குள் டீ கொண்டு போவது யார்?

2017-இல்தான் விதி திருத்தப்பட்டது. புகைக்கும் இடத்துக்குள் எந்தச் சேவையும் செய்யக்கூடாது. அதாவது, சட்டம் வந்து 14 வருடம் கழித்துத்தான் அந்த வெயிட்டர் விதியின் கண்ணில் பட்டார். கூட்டிப் பெருக்குகிறவர் இப்போதும் உள்ளே போகத்தான் வேண்டும். தனி இடம் என்பதையே எடுத்துவிட ஒரு வரைவு 2020-இன் கடைசி நாளில் வெளியிடப்பட்டது. வரைவு வந்ததும் கடை போய்விடும், பிழைப்பு போய்விடும் என்ற பழைய பல்லவியும் கூடவே வந்தது.

மத்திய அரசின் கணக்கெடுப்பில் ஒரு எண். கட்டடத்துக்குள் வேலை செய்பவர்களில் வேலையிடத்தில் பிறர் புகையைச் சுவாசித்தவர்கள் 2009-10-இல் 29.9 சதவீதம். 2016-17-இல் 30.2 சதவீதம். அதே காலத்தில் வீட்டில் பிறர் புகையைச் சுவாசிப்பவர்கள் 52.3-இலிருந்து 38.7-ஆகக் குறைந்தார்கள். சட்டம் நுழையாத வீட்டில் புகை குறைந்திருக்கிறது. சட்டம் இருக்கும் வேலையிடத்தில் அசையவில்லை! வீட்டில் பிள்ளையோ மனைவியோ "வெளியே போய்ப் பிடிங்க" என்று சொல்லிவிடலாம். முதலாளியிடமோ வாடிக்கையாளரிடமோ அதை யார் சொல்வது?

ஹெதர் குரோவும் 40 வருடம் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும். நோய் வந்த பிறகுதான் சொன்னார், நாடே கேட்கும்படி. 2006 மே 22 அன்று இறந்து போனார். ஒன்டாரியோ மாநிலத்தின் புதிய சட்டம் மே 31 அன்று நடைமுறைக்கு வந்தது. உணவகங்களில் புகைப்பவர் பக்கம், புகைக்காதவர் பக்கம் என்பதெல்லாம் போயிற்று. புகைக்கத் தனி அறை என்பதும் போயிற்று.

ஒன்பது நாள். அவர் அதைப் பார்க்கவில்லை. ஆனால் அன்று காலை ஒன்டாரியோவில் ஏதோ ஒரு உணவகத்தில் வேலைக்கு வந்த பெண், இரண்டு பக்கமும் நடக்க வேண்டியிருக்கவில்லை.