பட்டா இல்லாதவர்களுக்கும் ஒரு பங்கு



நான் குடியிருக்கும் ஜெர்மனியின் கோட்புஸ் நகரைச் சுற்றிலும் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்கள். 2038-க்குள் நிலக்கரி மின்சாரத்தை நிறுத்துவது என்று ஜெர்மனி 2020-இல் சட்டம் போட்டது. போட்ட கையோடு, நிலக்கரியை நம்பிப் பிழைத்த வட்டாரங்களுக்கு 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கியது. 58 வயதைத் தாண்டிய தொழிலாளி வேலையிழந்தால், ஓய்வூதியம் கைக்கு வரும்வரை உதவித்தொகை உண்டு.

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நம் பக்கத்துக் கமுதி ஞாபகம்தான் வருகிறது. அங்கே செங்கப்படையில் 2016-இல் அதானி நிறுவனம் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைத்தது. ஏறத்தாழ 2,500 ஏக்கர். யூனிட் 7 ரூபாய் 1 காசு என்று 25 ஆண்டுக்கு ஒப்பந்தம். சூரிய மின்சாரம் நமக்கு வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் "வெறும் கருவேலங்காடுதானே" என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, வைக்கோலும் ஈரமண்ணும் போட்டு மூடி, நெருப்பு வைத்துக் கரிமூட்டம் போடுவார்கள். மண் எங்காவது வெடித்துக் காற்று புகுந்தால் அத்தனையும் சாம்பல். அதனால் இரவும் பகலும் புகையிலேயே காவல் கிடப்பார்கள். அறுவடை முடிந்த காட்டில் ஆட்டுக்கிடை போடுபவர் இன்னொருவர். களையெடுக்கப் போகும் பெண்கள் வேறு. இவர்களில் பலர் பெயரில் பட்டா கிடையாது. கிரயப்பத்திரம் பதிவானதும் பட்டாதாரருக்குப் பணம் வந்துவிடும், இவர்களுக்குக் கம்பிவேலிதான்.

கர்நாடகத்தின் பாவகடாவில் நிலத்தை விலைக்கு வாங்காமல் குத்தகைக்கு எடுத்தார்கள். ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாயில் தொடங்கி, இரண்டு ஆண்டுக்கொரு முறை 5 சதவீதம் கூடும். நல்ல ஏற்பாடுதான். அங்கேயும் நிலமற்ற கூலிக்காரர்களுக்கு அந்தக் குத்தகையில் ஒரு பைசா இல்லை.

இங்கே ஜெர்மனியில் சூரியத் தகடுகளுக்கு அடியில் செம்மறி ஆடுகளை மேயவிடுகிறார்கள், புல்லும் மட்டுப்படுகிறது. நம் கிடைக்காரருக்கு அந்த வாசலைத் திறந்துவிட என்ன தடை? விற்கும் ஒவ்வொரு யூனிட்டிலும் சில காசுகளை நிலமற்ற குடும்பங்களுக்கென்று ஒதுக்கினால் எந்த நிறுவனமும் நொடித்துவிடாது.

திருமங்கலம், கள்ளிக்குடி, அருப்புக்கோட்டைப் பக்கம் யாராவது சூரியப் பூங்காவுக்கு நிலம் கேட்டு வந்தால், கிராம சபையில் முதலில் பட்டா இல்லாதவர்களின் பட்டியலை எடுங்கள். அவர்களுக்கு என்ன பங்கு என்று தீர்மானமாக எழுதி வாங்கிய பிறகு நில அளவைக்குச் சம்மதியுங்கள்.