வெப்பம் நிற்கும் எல்லை

நுழையும்முன்

இதய மருத்துவம் ஒரு துறை. நுண்பொருள்களில் வெப்பம் எவ்வாறு பாய்கிறது என்னும் ஆய்வு மற்றொரு துறை. பாடவேளையில் இவ்விரண்டும் வெவ்வேறு ஆசிரியர்களால் கற்பிக்கப்படுகின்றன. ஆயினும் மருத்துவரும் இயற்பியலாளரும் கேட்கும் வினா ஒன்றே: “இந்த வெப்பம் எங்கே செல்லும்? எங்கே நிற்கும்?” அவ்வினாவின் வழியே இக்கட்டுரை செல்கிறது.

இதயத்தின் மின்னோட்டம்

மனித இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிற்கும் ஒரு சிறு மின்துடிப்பே தொடக்கம். இதயத்தின் வலப்பக்க மேலறையில் உள்ள சைனோ ஏட்ரியல் கணு அதனைப் பிறப்பிக்கிறது. மின்துடிப்பு மேலறைகளில் பரவிக் கீழறைகளுக்கு இறங்குகிறது, தசைகள் முறையாகச் சுருங்குகின்றன, குருதி பாய்கிறது.

சிலருக்கு இந்த ஒழுங்கு குலைந்துவிடுகிறது. கணுவின் ஆணைக்குக் காத்திராமல், இதயத்தின் வேறோர் இடத்திலிருந்து மின்துடிப்புகள் கிளம்புகின்றன. மேலறைகள் சுருங்குவதற்கு மாறாக நடுங்கத் தொடங்குகின்றன. அங்கே தேங்கும் குருதி உறைந்து கட்டியாகலாம். அக்கட்டி மூளையை அடைந்தால் பக்கவாதம் நேரும். நோய்க்குக் காரணமாவது ஒரு சிறு தசைப்பகுதிதான். அதனை மட்டும் செயலிழக்கச் செய்து, அதைச் சூழ்ந்துள்ள தசையைக் காப்பது எப்படி? துடித்துக்கொண்டே இருக்கும் ஓர் உறுப்பினுள் இதைச் செய்தாக வேண்டும் என்பதே மருத்துவர்முன் நின்ற அறைகூவல்.

உள்ளே செல்லும் வழி

இதயத்தினுள் செல்வதற்கு முதலில் ஒரு வழி வேண்டும். அவ்வழியைக் காட்டியவர் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்னும் ஜெர்மானிய இளம் மருத்துவர். 1929-ஆம் ஆண்டு பெர்லினுக்கு அருகில் உள்ள எபர்ஸ்வால்டே என்னும் ஊரின் மருத்துவமனையில் அவர் பணியாற்றினார். கைச் சிரையின் வழியே மெல்லிய குழாய் ஒன்றை இதயம்வரை செலுத்த முடியும் என அவர் நம்பினார். உயிருள்ள இதயத்தைத் தொட்டால் மரணம் நேரும் என்பதே அன்றைய பொதுக்கருத்து. அவருடைய மேலதிகாரி இசைவு தர மறுத்தார்.

ஃபோர்ஸ்மன் தம் உடலையே ஆய்வுக்களமாக்கினார். இடக்கையின் சிரையைத் திறந்து, அதன் வழியே அறுபத்தைந்து சென்டிமீட்டர் நீளத்திற்குக் குழாயைச் செலுத்தினார். குழாய் உள்ளே இருக்கும்போதே எக்ஸ் கதிர் அறைக்கு நடந்து சென்றார். குழாயின் முனை இதயத்தின் மேலறையில் நிற்பதைப் படம் காட்டியது. அவர் இறக்கவில்லை.

இச்செயல் அவருக்கு உடனடியாகப் புகழைத் தரவில்லை. இதய ஆய்வைத் தொடரும் வாய்ப்பு கிட்டாமல் அவர் சிறுநீரக மருத்துவத்திற்குச் சென்றார். நியூயார்க்கில் ஆந்த்ரே கூர்நாண்ட், டிக்கின்சன் ரிச்சர்ட்ஸ் ஆகிய இருவரும் அவ்வழியை நோயறியும் முறையாக வளர்த்தெடுத்தனர். 1956-ஆம் ஆண்டு மூவருக்கும் மருத்துவத்திற்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. கதீட்டர் என்று இன்று அழைக்கப்படும் அம்மெல்லிய குழாய், பின்னாளில் இதயத்தினுள் மருத்துவம் செய்யும் கருவியாகவும் ஆயிற்று.

கத்தியாக மாறிய வெப்பம்

கதீட்டர் வழியே மின்னாற்றலைச் செலுத்தி இதயத் துடிப்புக் கோளாற்றைச் சீராக்கும் முறையை 1982-இல் அமெரிக்க மருத்துவர்கள் அறிவித்தனர். தொடக்கத்தில் பயன்பட்டது வலிமையான ஒற்றை மின்னதிர்ச்சி. அதன் அளவைக் கட்டுக்குள் வைப்பது அரிதாக இருந்தது. சில ஆண்டுகளில் வானொலி அதிர்வெண் மின்னோட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. நொடிக்கு ஏறத்தாழ ஐந்து லட்சம் முறை திசைமாறும் இம்மின்னோட்டம், கதீட்டரின் முனையைத் தொட்டுள்ள தசையைச் சூடாக்குகிறது. வெப்பநிலை 50 டிகிரி செல்சியசைத் தாண்டினால் அத்தசையின் உயிரணுக்கள் மீளாதவாறு செயலிழக்கின்றன. அவ்விடம் தழும்பாகிறது, தழும்பின் வழியே மின்துடிப்பு பாய்வதில்லை.

எந்த இடத்தைச் சுட வேண்டும் என்பதற்கு 1998-இல் தெளிவான விடை கிடைத்தது. பிரான்சு நாட்டின் போர்தோ நகரில் மிஷேல் ஐசகேர் தலைமையிலான குழுவினர் நாற்பத்தைந்து நோயாளிகளை ஆராய்ந்தனர். மேலறை நடுக்கத்தைத் தூண்டும் மின்துடிப்புகளுள் மிகப் பெரும்பாலானவை நுரையீரல் சிரைகளிலிருந்தே கிளம்புகின்றன எனக் கண்டனர். அதன்பின் அச்சிரைகளின் வாயிலைச் சுற்றித் தழும்பால் ஒரு வேலி அமைப்பது மருத்துவத்தின் நெறியாயிற்று.

வேலி அமைக்கும் இடத்திலேதான் இடர்ப்பாடும் இருக்கிறது. மின்னோட்டம் நேரடியாகச் சூடாக்குவது, முனையை ஒட்டிய ஓரிரு மில்லிமீட்டர் ஆழத்தை மட்டுமே. அதற்கு அப்பால் உள்ள தசைக்கு வெப்பக் கடத்தலால்தான் சூடு பரவுகிறது. மருத்துவர் மின்னோட்டத்தை நிறுத்திய பின்னரும், முன்பே புகுந்த வெப்பம் ஆழத்தை நோக்கிச் சிறிது நேரம் நகர்ந்துகொண்டே இருக்கும். இடப்பக்க மேலறையின் பின்சுவரை ஒட்டி உணவுக்குழாய் செல்கிறது. வெப்பம் அதுவரை சென்றுவிட்டால், அரிதாகவேனும் இதயத்திற்கும் உணவுக்குழாய்க்கும் இடையே துளை விழக்கூடும். அது உயிருக்கே ஊறு விளைவிக்கும். வெப்பம் குறைந்தாலோ வேலியில் இடைவெளி விழும், நோய் திரும்பும். காப்பதும் கெடுப்பதும் ஒரே வெப்பமாக இருக்க, இரண்டையும் பிரிப்பது சில மில்லிமீட்டர் தொலைவே.

ஆகவே கதீட்டரின் முனையில் வெப்பநிலையை அளக்கும் நுண்கருவி பொருத்தப்படுகிறது. முனையைக் குளிர்விக்க உப்புநீர் செலுத்தப்படுகிறது. உணவுக்குழாயினுள்ளும் வெப்பமானி வைக்கப்படுகிறது. கடுங்குளிரால் தசையை உறையச் செய்யும் முறையும் வழக்கில் உண்டு. அண்மையில், வெப்பத்தைப் பெரிதும் நம்பாத மற்றொரு முறை வந்துள்ளது. மிகக் குறுகிய, வலிமையான மின்துடிப்புகள் உயிரணுக்களின் சவ்வில் நுண்துளைகளை உண்டாக்குகின்றன. அத்துடிப்புகளுக்கு இதயத்தசை எளிதில் இரையாகிறது. உணவுக்குழாயும் நரம்பும் அவற்றை ஓரளவு தாங்கிக்கொள்கின்றன. இம்முறைக்கான கருவிக்கு ஐரோப்பாவில் 2021-ஆம் ஆண்டிலும், அமெரிக்காவில் 2023-ஆம் ஆண்டு திசம்பரிலும் ஒப்புதல் கிடைத்தது. தனக்கெனச் சில இடர்கள் இதற்கும் உண்டு. எனினும், வெப்பம் எல்லை மீறுவதால் நேரும் தீங்கே இம்முறைக்கு வழி வகுத்தது.

வெப்பத்தின் விதி

வெப்பம் எவ்வளவு விரைவாக, எவ்வளவு தொலைவு செல்லும் என்னும் கணக்கை உலகிற்குத் தந்தவர் ஜோசப் ஃபூரியே. பிரெஞ்சுக் கணித அறிஞரான அவர் 1807-இல் தம் ஆய்வைப் பாரிசின் அறிஞர் மன்றத்தில் அளித்தபோது, அக்காலத்தின் பெருங்கணித மேதைகளே அதன் முறையை ஏற்கத் தயங்கினர். அவர் சோர்ந்துவிடவில்லை. 1822-இல் அவ்வாய்வு முழு நூலாக வெளிவந்தது.

வெப்பநிலை வேறுபாடு மிகுந்தால் வெப்பம் மிகுதியாகப் பாயும். தொலைவு கூடினால் பாய்வு குறையும் என்பது ஃபூரியே விதியின் சாரம். அதிலிருந்து கிடைக்கும் ஓர் உண்மை நினைவில் நிறுத்தத்தக்கது: ஒரு பொருளினுள் வெப்பம் பரவ வேண்டிய தொலைவு இரண்டு மடங்கானால், அதற்கு ஆகும் காலம் நான்கு மடங்காகிறது. தோசைக்கல்லின் மீது ஊற்றிய மெல்லிய மாவு உடனே வேகிறது; பெரிய கிழங்கின் நடுப்பகுதி வேக நெடுநேரம் ஆகிறது.

படிகங்களில் வெப்பத்தைச் சுமந்து செல்வது எது? ஃபோர்ஸ்மன் தம் சிரையைத் திறந்த அதே 1929-இல் இதற்கு ஆழமான விளக்கம் வந்தது. பெர்லினில் பிறந்து, அப்போது இருபத்திரண்டு வயதே நிரம்பியிருந்த ருடால்ஃப் பையர்ல்ஸ் அதனை வெளியிட்டார். படிகத்தின் அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்து அதிர்கின்றன. அவ்வதிர்வு அலைகளே வெப்பத்தை எடுத்துச் செல்கின்றன. அலைகள் ஒன்றோடொன்று மோதுவதால் அவற்றின் ஓட்டம் தடைபடுகிறது. இவ்வதிர்வுச் சிப்பங்கள் பின்னர் ஃபோனான்கள் எனப் பெயர் பெற்றன. அவ்வாண்டில் அவ்விரு இளைஞரின் பணிகளுக்கும் தொடர்பு இருக்கும் என எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

முடுக்கில் நுழைந்த கூட்டம்

அகன்ற தேரோடும் வீதியில் செல்லும் மக்கள் கூட்டம், வழியில் ஒருவரோடு ஒருவர் மட்டுமே இடித்துக்கொள்கிறது. அதே கூட்டம் ஒரு குறுகிய முடுக்கினுள் நுழைந்தால் இருபுறச் சுவர்களிலும் மோதுகிறது, நடை தளர்கிறது. நுண்பொருள்களில் ஃபோனான்களுக்கு நேர்வதும் இதுவே. மோதலின்றி ஃபோனான்கள் செல்லும் தொலைவைவிடப் பொருளின் அகலம் குறைந்துவிட்டால், ஃபூரியேயின் எளிய கணக்கு அங்கே அப்படியே பொருந்துவதில்லை. பொருளின் வடிவமும் மேற்பரப்பும் வெப்பத்தின் போக்கை முடிவு செய்யத் தொடங்குகின்றன.

2008-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலிருந்து இரு முடிவுகள் வெளிவந்தன. பெர்க்கிலியில் ஆய்வாளர்கள், ஏறத்தாழ ஐம்பது நானோமீட்டர் தடிமன் உள்ள சொரசொரப்பான சிலிக்கான் இழைகளை உருவாக்கினர். பெரிய சிலிக்கான் துண்டைவிட அவ்விழைகளில் வெப்பக்கடத்துத் திறன் நூறு மடங்கு குறைந்தது. ரிவர்சைடில் மற்றொரு குழுவினர் கிராஃபீன் என்னும் ஒற்றை அணுத்தடிமன் கொண்ட கரித்தாளை அளந்தனர். செம்பைவிடப் பத்து மடங்கிற்கும் மேலாக அது வெப்பத்தைக் கடத்துவதாகக் கண்டனர். நுண்மை ஓரிடத்தில் வெப்பத்தைத் தடுத்தது. மற்றோரிடத்தில் அதற்கு விரைவான பாதையாயிற்று. வெப்பத்தை மின்சாரமாக மாற்றும் பொருள்களுக்கு முதல் பண்பு வேண்டும். கணினிச் சில்லுகளைக் குளிர்விக்க இரண்டாவது பண்பு உதவும்.

இரு வழிகளும் கூடும் இடம்

இதயம் முற்றிலும் செயலிழந்தவருக்குக் கொடையாகப் பெற்ற இதயமே உயிர் தரும். உடலைவிட்டு எடுத்த இதயத்தைப் பனிக்கட்டிக் குளிரில் வைத்துக் காக்கக்கூடிய காலம் ஏறத்தாழ நான்கு மணிநேரம். அதற்குள் பொருத்தமானவரைக் கண்டறிந்து, எடுத்துச் சென்று, பொருத்த வேண்டும். காலம் தவறினால் கொடை பயனற்றுப்போகும்.

உறுப்பைக் கடுங்குளிரில் நெடுநாள் காக்கலாகாதா? பாதுகாப்பு நீர்மங்களை ஊட்டி, பனிப்படிகம் உருவாகாதபடி கண்ணாடி போன்ற நிலைக்கு உறுப்பைக் குளிர்விக்க முடிகிறது. துன்பம், மீண்டும் சூடாக்கும்போதுதான் நேர்கிறது. வெளியிலிருந்து சூடேற்றினால் மேற்பரப்பு முதலில் வெப்பமடையும், நடுப்பகுதி பின்தங்கும். தொலைவு இரண்டு மடங்கானால் காலம் நான்கு மடங்கு என்னும் விதி இங்கே பகையாகிறது. அந்த ஏற்றத்தாழ்வால் உறுப்பு விரிசல் காண்கிறது. மெதுவாகச் சூடேறும் பகுதியில் பனிப்படிகங்கள் முளைத்து உயிரணுக்களைக் கிழிக்கின்றன.

மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவ்விதியைப் பகைத்துக்கொள்ளாமல் அதற்கு இசைந்த வழியைத் தேடினர். இரும்பு ஆக்சைடு நானோதுகள்களை நீர்மத்தில் கலந்து திசுவெங்கும் பரப்பினர். திசை மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தில் வைத்தபோது துகள்கள் ஒவ்வொன்றும் ஒரு சிற்றடுப்பாயின. வெப்பம் வெளியிலிருந்து உள்ளே நெடுந்தொலைவு செல்ல வேண்டிய தேவை ஒழிந்தது. எல்லா இடமும் ஒருசேரச் சூடேறின. 2017-இல் பன்றியின் தமனிகளையும் இதய வால்வுத் திசுக்களையும் இவ்வாறு மீட்டனர். 2023-இல் நூறு நாள்வரை கடுங்குளிரில் காத்த எலியின் சிறுநீரகத்தை இம்முறையில் சூடாக்கி மற்றோர் எலிக்குப் பொருத்தினர், அது செயல்பட்டது.

முழு மனித இதயத்திற்கு இம்முறை இன்னும் வந்து சேரவில்லை. எலியின் சிறுநீரகத்திற்கும் மனித இதயத்திற்கும் இடையே அளவில் பெரும் வேறுபாடு உண்டு. ஒவ்வொரு மூலையிலும் துகள்கள் சென்று சேர வேண்டும். பின்னர் அவற்றைக் கழுவி நீக்கவும் வேண்டும். இவை உழைப்பையும் பொறுமையையும் கோரும் பணிகள்.

எல்லை அறிதல்

நெருப்பை மூட்டக் கற்ற நாளிலிருந்து மனிதர் வெப்பத்தைப் பயன்படுத்தி வருகின்றனர். மூட்டுவது எளிது, வேண்டிய இடத்தில் நிறுத்துவது அரிது. நிறுத்தும் அறிவு, வெப்பம் செல்லும் வழியை அறிந்தவருக்கே வாய்க்கும். கதீட்டர் பிடித்த மருத்துவருக்கு அவ்வறிவின் பெரும்பகுதி, இதயத்தைப் பற்றி எண்ணாமலே வெப்பத்தை ஆராய்ந்த ஒரு கணித அறிஞரிடமிருந்து வந்தது. உறைந்த உறுப்பை மீட்பவருக்கு அது இயற்பியல், வேதியியல், மருத்துவம் ஆகிய மூன்றிலிருந்தும் சேர்ந்து வந்தது.

மாணவர்கள் ஒரு துறையைத் தேர்ந்தெடுக்கும்போது மற்றவற்றின் கதவை அடைத்துவிடுவது உண்டு. “உயிரியல் படிப்போருக்குக் கணிதம் எதற்கு?” எனக் கேட்போரும் உளர். மேலறையின் பின்சுவருக்கும் உணவுக்குழாய்க்கும் இடைப்பட்ட அந்தச் சில மில்லிமீட்டரில் அவ்வினாவிற்கு விடை இருக்கிறது. அங்கே வெப்பம் எவ்வளவு ஆழம் செல்லும் என்பதைக் கணிதம் கூறுகிறது. எவ்வளவு ஆழம் செல்லலாம் என்பதை உயிரியல் கூறுகிறது. இரண்டையும் கேட்டறிந்த கைதான் நோயாளியைக் காப்பாற்றுகிறது.