சாக்கு ஈரமா இருக்கா?

மணப்பாறைக்கு மேற்கே ஒரு மானாவாரிக் கிராமம். அங்கே மூன்றரை ஏக்கர் நிலமும், 600 அடிக்கு மேல் இறங்கியும் அரை இஞ்சு தண்ணீர்தான் தரும் ஒரு போர்வெல்லும், இருபது வெள்ளாடுகளும் வைத்திருக்கிறார் அந்த விவசாயி. வயது 51. பங்குனியில் கிடாய்களைச் சந்தையில் விற்றபோது கையில் 63,000 ரூபாய் நின்றது. நாள்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் கணக்கு எழுதினார். ஆடுகளுக்குப் பரண் கொட்டகை. பிளஸ் டூ போகும் மகளுக்கு ஒரு போன். இரண்டோடு கணக்கு முடிந்தது.

மூன்றாவதாக ஒரு செலவும் அந்த வீட்டில் காத்திருந்தது. வேதாரண்யம் பக்கம் வாழ்க்கைப்பட்ட தங்கையைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய அம்மாவின் ஆசை. வீட்டில் எல்லோருக்கும் அவர் அப்பாயி. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து, தங்கை வீட்டுத் தென்னைகள் ஒரே ராத்திரியில் சாய்ந்தபோதே போக வேண்டும் என்றார். மறுவருடம் தங்கை கணவர் இறந்தார். அதற்கும் மகன் மட்டும்தான் பஸ் ஏறிப் போய்வந்தார். மூட்டுவலியோடு நான்கு பஸ் மாற அப்பாயியால் முடியவில்லை. "அறுப்பு முடியட்டும்", "மழை விடட்டும்" என்று வருடங்கள் போயின. கொஞ்ச நாளாக அப்பாயி கேட்பதையே விட்டுவிட்டார்.

விலை குறைந்த போன்

முதலில் போன். புதிது வாங்கக் கட்டாது என்று பழைய போன் விற்கும் கடைக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று 3,500 ரூபாய். பார்க்கப் புதிது போலப் பளபளவென்று இருந்தது. ஆனால் பெட்டியும் இல்லை, பில்லும் இல்லை. இன்னொன்று 6,000 ரூபாய்; மூலையில் கீறல், ஆனால் பில்லும் பெட்டியும் இருந்தன. அவருடைய கை 3,500 ரூபாய் போனுக்குத்தான் போனது.

மகள் அதை வாங்கி *#06# என்று அழுத்தினாள். திரையில் 15 இலக்க எண் வந்தது. ஒவ்வொரு போனுக்கும் உள்ள ஐ.எம்.இ.ஐ. எண் அது. கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, ஓர் இடம் விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினாள். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை வைத்திருக்கும் வசதி இது. கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. அந்த எண் தடைப் பட்டியலில் இருந்தது.

"அது எல்லாத்துக்கும் அப்படித்தாம்மா வரும்" என்றார் கடைக்காரர். "அப்ப இந்தப் போனுக்கும் வரணும்ல?" என்று இரண்டாவதற்கும் அனுப்பினாள். அதற்கு எந்தத் தடையும் வரவில்லை. திருட்டுப் போனாக இருந்தால் என்றைக்காவது போலீஸ் வந்து கேட்கும். போனும் போகும், பணமும் போகும், பில் இல்லாததால் பதில் சொல்லவும் வழி இருக்காது. அப்பா மறுபேச்சுப் பேசவில்லை.

பழைய போனில் பார்க்க வேண்டியது இன்னும் உண்டு. திரை ஓரம் தூக்கியிருந்தால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம், அதைத் தொடக்கூடாது. சார்ஜ் ஏறுகிறதா, எதிர்முனைக்குக் குரல் கேட்கிறதா, கேமரா தெளிவாக இருக்கிறதா என்று கடையிலேயே சோதிக்க வேண்டும். முன்பு வைத்திருந்தவரின் கணக்கை நீக்கிவிட்டார்களா என்பது முக்கியம். நீக்காத போனை அழித்துத் திறந்தால் பழைய ஆளின் கடவுச்சொல்லைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். இதையெல்லாம் பார்த்து, பேரம் பேசி, 5,800 ரூபாய்க்குப் பில்லோடு வாங்கினார்கள். வீட்டுக்கு வந்ததும் மகள் உழவன் செயலியை ஏற்றிக் கொடுத்தாள்.

பழைய மரம், புதிய கம்பி

அடுத்து கொட்டகை. வளர்ந்த ஆடு ஒன்றுக்கு 10 சதுர அடி என்ற கணக்கில் 20 அடி நீளம், 10 அடி அகலம். நீளவாக்கு கிழக்கு மேற்காக. அப்படி வைத்தால்தான் வெயில் நேராக உள்ளே அடிக்காது. தரையிலிருந்து பரண் 4 அடி உயரம். ஆள் குனிந்து போய்ப் புழுக்கையைக் கூட்டி அள்ள அது வேண்டும். பலகைக்கும் பலகைக்கும் இடையே அரை இஞ்சு சந்து. அதற்கு மேல் போனால் குட்டியின் கால் மாட்டிக்கொள்ளும், குறைந்தால் புழுக்கை கீழே விழாது.

பக்கத்து ஊரில் இடித்த ஒரு வீட்டின் பனங்கைகளும் பலகைகளும் நாட்டு ஓடுகளும் விலைக்கு வந்தன. ஒவ்வொரு பனங்கையையும் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். கணீரென்று கேட்டதை எடுத்தார், பொதபொதவென்று கேட்டதை ஒதுக்கினார். பலகையின் முனையில் திருப்புளியால் குத்தினார். உள்ளே இறங்கினால் கரையான் தின்றது. தேறியவற்றுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசிக் காயவைத்தார்.

இரண்டு பொருளில் மட்டும் பழையது வேண்டாம் என்று கொத்தனார் கறாராகச் சொல்லிவிட்டார். ஒன்று கம்பி. துருவேறி வளைந்த கம்பியை நிமிர்த்திப் போட்டால் பாரம் தாங்காது. இன்னொன்று, பாதி விலைக்குக் கிடைத்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். அதை அறுக்கும்போது கிளம்பும் தூசி நுரையீரலுக்குக் கேடு, வெயிலில் அனலையும் இறக்கும். புதுக் கம்பி வாங்கி எட்டுத் தூண்களுக்குக் கான்கிரீட் போட்டார்கள்.

"அண்ணே, இது சித்திரை வெயிலு. பத்து நாளைக்குச் சாக்கைச் சுத்தி, காயவிடாம தண்ணி காட்டணும். விட்டீங்கன்னா நான் செஞ்ச வேலையெல்லாம் மண்ணுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார் கொத்தனார்.

அன்று சாயங்காலம் மகள் புதுப் போனில் வேதாரண்யத்துச் சித்தப்பாவுக்கு வீடியோவில் பேசினாள். அவர் போனைத் தன் அம்மாவிடம் கொடுத்தார். அப்பாயி திரையைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "யாரு இது?" என்றார். "சின்ன அப்பாயிதான்." நம்பவில்லை. கன்னம் ஒட்டி, தலைமுடி கொட்டி, தங்கை அடையாளமே மாறியிருந்தார். "அக்கா, மாம்பழம் தீர்றதுக்குள்ள வந்துரேன்" என்றது அந்த முகம். அப்பாயி பதில் சொல்லாமல் போனைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

சாவி கை மாறியது

"பத்து நாள் கழிச்சுப் போயிட்டு வந்துருவோம்" என்றார் அவர். "கஜாவுலேருந்து பத்துப் பத்து நாளாத்தான் தள்ளிக்கிட்டு இருக்கோம்" என்றார் மனைவி.

"அப்ப யாரு தண்ணி காட்டுறது?"

"நான் இருக்கேன். நீங்க போங்க" என்றான் மகன். ஐ.டி.ஐ. முடித்து வேலை தேடிக்கொண்டிருக்கும் பையன். போன வருடம் மோட்டாரைப் போட்டுவிட்டுத் தூங்கிப்போனான். தண்ணீர் இல்லாமல் ஓடி காயில் கருகிவிட்டது. வைண்டிங் செலவு அவர் தலையில் விழுந்தது. அன்றிலிருந்து மோட்டார் ரூம் சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில்தான் தொங்குகிறது. அதை மனைவி கேட்டு வாங்கி மகன் கையில் கொடுத்தார். "காலை, மத்தியானம், சாயங்காலம் மூணு வேளையும் போட்டோ அனுப்பணும்" என்றார் அவர்.

மூன்றாம் நாள் விடிகாலையில் மச்சானின் பழைய ஆம்னி வேனில் கிளம்பினார்கள். இன்சூரன்ஸ் தாள், டயர், ரேடியேட்டர் தண்ணீர் எல்லாம் முந்தின நாளே பார்த்தாயிற்று. மச்சான்தான் ஓட்டினார். அப்பாயியின் மூட்டுக்காக மணிக்கொருதரம் வண்டியை நிறுத்தி நாலு எட்டு நடக்கவைத்தார்கள்.

திருச்சி தாண்டிக் கல்லணையில் இறங்கினார்கள். காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று தண்ணீர் பிரியும் இடம். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால்தான் அங்கே கலகலப்பு. அன்று மணல்தான் கிடந்தது. ஆற்று மணலில் கல்லைப் போட்டுப் போட்டு, அது புதைந்து நின்ற பிறகு மேலே கட்டிய அணை என்று மச்சான் விளக்கினார். எட்டுத் தூணை நினைத்துக்கொண்டிருந்தவர் கொஞ்ச நேரம் அந்தக் கல்லையே பார்த்தார். அப்போது போன் ஒலித்தது. மகன் அனுப்பிய படம். எட்டுச் சாக்கும் கறுத்து நனைந்திருந்தன.

தஞ்சாவூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக ஏறக்குறைய 200 கிலோமீட்டர். 1930 ஏப்ரலில் ராஜாஜியும் தொண்டர்களும் உப்புக் காய்ச்ச திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குப் பதினைந்து நாள் நடந்தார்கள் என்று மகள் பாடத்தில் படித்ததைச் சொன்னாள். "நமக்கு வேன் இருந்தும் ஆறேழு வருசம் ஆயிருச்சு" என்றார் அப்பாயி. யாரும் பேசவில்லை.

பத்தடியில் தண்ணீர்

அக்காவும் தங்கையும் வாசலில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அழுகை கொஞ்ச நேரம்தான். அதன்பிறகு பேச்சு நிற்கவில்லை. ராத்திரி இருவரும் ஒரே பாயில் படுத்து, யார் யார் வீட்டில் எந்தெந்தக் கல்யாணம் என்று விடியும்வரை கணக்கெடுத்தார்கள்.

மறுநாள் சித்தி மகன் கொல்லையைச் சுற்றிக் காட்டினார். கஜாவில் விழுந்த மரங்களை அகற்றிய இடத்தில் வைத்த தென்னங்கன்றுகள் இப்போது பாளை விடுகின்றன. இடையில் முல்லையும் மாவும் நிற்கின்றன. மணலில் பத்தடி தோண்டிய குட்டையில் தண்ணீர் பளிங்காய்க் கிடந்தது.

"பத்தடியில தண்ணி! எங்க ஊருல அறுநூறு அடிக்குப் போறோம். ஒரு மோட்டார வச்சு இறைக்க வேண்டியதுதானே தம்பி?"

"வைக்கலாம்ணே. மழைத்தண்ணி மேல மிதக்குது, உப்புத்தண்ணி அடியில கிடக்குது. ஒரேயடியா உறிஞ்சினா உப்பு மேல ஏறிரும். அப்புறம் குட்டையும் போச்சு, கொல்லையும் போச்சு. அதான் அளந்து எடுக்குறோம்."

இதைக் கேட்டுக்கொண்டிருந்தாலும் அவர் கவனம் போனில்தான் இருந்தது. மத்தியானப் படம் வரவில்லை. மகனுக்குப் போட்டால் போன் அணைக்கப்பட்டிருந்தது. சாயங்காலமும் அப்படியே. அவருக்கு மோட்டார் ரூமும் கருகிய காயிலும் கண்முன் வந்தன. மனைவியைத் தனியே கூப்பிட்டு, "தூங்கிட்டான். ராத்திரியே கிளம்பிருவோமா?" என்றார்.

"தூணு போனா மறுபடி ஊத்திக்கலாம். அத்தைய மறுபடி எப்பக் கூட்டிட்டு வருவீங்க?" என்றார் மனைவி. திண்ணையில் அக்காவுக்கு மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தார் தங்கை. அவர் பேசாமல் போய் உட்கார்ந்து ஒரு துண்டு வாங்கித் தின்றார்.

அடுத்த நாள் பொழுது சாய ஊர் திரும்பினார்கள். வண்டி நின்றதும் அவர் வீட்டுக்குள் போகவில்லை. நேரே கொட்டகைக்குத்தான் போனார். முதல் தூணில் கை வைத்தார். சாக்கு ஜில்லென்று இருந்தது. எட்டையும் தொட்டுப் பார்த்தார். கடைசித் தூணடியில் தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

முந்தின நாள் கோடைக் காற்றில் கம்பி அறுந்து ஊரெல்லாம் கரண்ட் இல்லை. மோட்டாரும் இல்லை, போனில் சார்ஜும் இல்லை. அரைக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பக்கத்துக் காட்டுக் கிணற்றில் கயிறு போட்டு இறைத்து, டி.வி.எஸ். வண்டியில் இரண்டு கேன் கட்டி, மூன்று வேளையும் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறான் மகன். பக்கத்துக் காட்டுக்காரர் சொல்லித்தான் இது தெரிந்தது. பையன் உள்ளங்கையில் கயிறு அறுத்த கொப்புளம் இருந்தது.

"சாப்பிட்டியா?" என்றார் அவர்.

"ம்" என்று சொல்லிவிட்டுச் சாவியை நீட்டினான். "உங்கிட்டயே இருக்கட்டும்" என்றார்.

நாள்காட்டித் தாளில் மூன்றாவது வரி அன்று ராத்திரி ஏறியது: வேதாரண்யம், டீசல் இல்லை, பெட்ரோல், சாப்பாடு, சேர்த்து 4,600. 'டீசல்' என்று எழுதி அடித்துவிட்டு 'பெட்ரோல்' என்று எழுதியிருந்தார். போனில் 200, மரத்தில் ஆயிரக்கணக்கில் என்று மற்ற இரண்டு வரிகளின் ஓரத்திலும் மிச்சம் பிடித்தது குறித்திருந்தது. இந்த வரிக்கு ஓரத்தில் எதுவும் எழுதவில்லை.

ஆனி பிறக்கும் முன் கொட்டகை எழுந்துவிட்டது. புதிதாகப் பரண் பார்த்த ஆடுகள் சாய்வுப் பலகையில் ஏற முதல் இரண்டு நாள் அடம் பிடித்தன. மேலே கொஞ்சம் அகத்திக்கீரையைக் கட்டித் தொங்கவிட்டதும் ஒவ்வொன்றாய் ஏறின. இப்போது தினமும் பரணுக்கு அடியில் கூட்டி அள்ளும் புழுக்கை நேரே எருக்குழிக்குப் போகிறது.

சாயங்காலம் ஆறு மணிக்கு வேதாரண்யத்திலிருந்து போன் வரும். பேத்தி போனை நீட்ட, அப்பாயி அதைத் தலைகீழாய்ப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்குப் போவார்.

"அக்கா, ஆடெல்லாம் மேல ஏறிருச்சா?"

"ஏறிருச்சுடி. நீ சாப்பிட்டியா?"