நாலு மணி மார்கழி

எங்க திண்டுக்கல்லுக்கும் குளிர்காலம் உண்டுங்க. சொன்னா சிரிப்பீங்க. ஹாஸ்டல்ல என் ரூம்மேட் கொடைக்கானல்காரன். ஒரே மாவட்டம்தான், ஆனாலும் விழுந்து விழுந்து சிரிப்பான். "20 டிகிரிக்கெல்லாம் குளிர்னு பேர் வெச்சுட்டா, எங்க ஊர்ல அடிக்கிறதுக்கு என்னடா பேர் வைக்கிறது?" என்பான்.

அவனுக்குத் தெரியாது. எங்க வீட்டுல குளிரைக் காட்டுறது தெர்மாமீட்டர் இல்ல, தேங்காய் எண்ணெய் பாட்டில். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனா எண்ணெய் உறைய ஆரம்பிச்சிடும். ஒருநாள் காலையில பாட்டில் மெழுகுவத்தி மாதிரி வெள்ளையா நிக்கும். அப்பா ஸ்பூன் காம்பை விட்டு நோண்டிக்கிட்டே, "பனி இறங்கிடுச்சுடி" என்று அறிவிப்பார். அன்னிக்குதான் எங்களுக்குக் குளிர்காலம் தொடங்கியதாக அர்த்தம்.

அதுக்கப்புறம் வர்றதெல்லாம் சுகம்தான். விடியக்காலை கோயில் ஸ்பீக்கர்ல திருப்பாவை கேட்கும். முப்பது பாசுரம், நாளுக்கு ஒண்ணு. போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துக்கிட்டு, அதை அரைத் தூக்கத்துல கேட்டுக்கிட்டே 'நாம எழுந்திரிக்க வேண்டாம்' என்று நினைக்கிறப்போ வருமே ஒரு ஆனந்தம்! அப்புறம் சமையலறையில பாத்திரச் சத்தம். காபி வாசனை. ஏழு மணிக்கு மேல எழுந்தா, கொல்லையில விறகடுப்பு வெந்நீர், அதுல லேசாப் புகை வாசம். தொன்னையில கோயில் வெண்பொங்கல். திண்ணை வெயில்ல உட்கார்ந்து மொச்சை உரிச்சா, மத்தியானம் மொச்சைக் குழம்பு. வாசல்ல பெரிய கோலம், நடுவுல சாணி உருண்டை மேல பூசணிப்பூ. அந்தப் பூவை யார் தேடிப் பிடிச்சு வாங்கினாங்க, யார் எத்தனை மணிக்கு வெச்சாங்க? பத்தொன்பது வருஷமா நான் கேட்டதே இல்லை.

போன டிசம்பர்ல, செமஸ்டர் எக்ஸாம் முடிஞ்சு வீட்டுக்குப் போனேன். நவம்பர் மழையில வாசப்படிப் பாசி வழுக்கி விழுந்து அம்மாவுக்கு வலது மணிக்கட்டுல எலும்பு விரிசல் என்பது எனக்குத் தெரியும். ஆனா போன்ல "லேசான அடிதான்டா, நீ படி" என்றே சொல்லிட்டிருந்தாங்க. நேர்ல பார்த்தா, முழங்கை வரைக்கும் கட்டு. "கோலமாவு இருக்க வேண்டிய கையில மாவுக்கட்டு போட்டுட்டாங்கடா" என்று சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை.

மறுநாள் காலையில ஸ்பீக்கர் பாடிச்சு. போர்வைக்குள்ளதான் இருந்தேன். ஆனா பாத்திரச் சத்தம் இல்லை. காபி வாசனை இல்லை. அப்பா மில்லுல முதல் ஷிஃப்ட். முந்தின ராத்திரி ஊத்தின தோசையையே டப்பாவுல போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டார். அக்கா கல்யாணமாகி திருப்பூர்ல. வாசல்ல பக்கத்து வீட்டு அத்தை பெரிய மனசு பண்ணி நாலு கோடு இழுத்து வெச்சிருந்தாங்க. வெளியே அதே பனி, அதே குளிர். ஆனா வீட்டுக்குள்ள குளிர்காலம் வரவே இல்லை.

அப்பதான் மண்டையில உறைச்சது. நான் மார்கழின்னு நினைச்சதுல பாதி எங்க அம்மா!

அன்னிக்கு ராத்திரி செல்போன்ல நாலு மணிக்கு அலாரம் வெச்சேன். அம்மா நம்பலை. எனக்கே நம்பிக்கை இல்லை.

நாலு மணி மார்கழியை நீங்க பார்த்திருக்கீங்களா பாஸ்? நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை. தெரு நாய் வட்டமாச் சுருண்டு, மூக்கை வால்ல பொத்திக்கிட்டுத் தூங்குது. எதிர் வீட்டுல கிறிஸ்துமஸ் ஸ்டார் யாரும் பார்க்காம சிவப்பா எரியுது. ஓரியன் நட்சத்திரக் கூட்டம் மேற்கே சாய்ஞ்சு கிடக்குது. நாலரைக்கு மூணாவது வீட்டு ஐயப்ப சாமி பச்சைத் தண்ணியைத் தலையில ஊத்திக்கிட்டு சரணம் போடுறார். அதுல பக்தி எவ்வளவு, குளிர் எவ்வளவுன்னு பிரிக்க முடியலை. போர் பைப்பைத் திறந்தா தண்ணி வெதுவெதுன்னு வருது! பூமிக்குள்ள இருக்குற தண்ணி மேல இருக்குற காத்து மாதிரி சட்டுனு குளிர்றதில்லை. பொறியியல் படிக்கிற எனக்கு அது புத்தகத்துல தெரியும். கைக்கு அன்னிக்குதான் தெரிஞ்சுது.

தண்ணி தெளிச்சு, பெருக்கி, புள்ளி வைக்க உட்கார்ந்தேன். அம்மா சால்வையைப் போர்த்திக்கிட்டு, கட்டுப் போட்ட கையைத் தூளியில தொங்க விட்டுக்கிட்டு, நிலைப்படியில இருந்து டைரக்‌ஷன். "15 புள்ளி, ஊடுபுள்ளி, 8-ல நிறுத்தணும்." கணக்கு சுலபம்தான். ஆனா என் புள்ளி எட்டுக்கு வரவே இல்லை. பாதியிலேயே கோணிக்கிட்டுத் தெருவுக்கு இறங்கிடுச்சு. "தம்பி, புள்ளி பஸ் ஸ்டாண்டுக்குப் போகுது, கூப்பிடு!" என்றாங்க பக்கத்து வீட்டு அத்தை. மூணு பேப்பர் மேத்ஸ் பாஸ் பண்ணினவன் மானம் வாசல்ல கிடந்துச்சு. அம்மா மட்டும் சிரிக்காம, "மாவை ரெண்டு விரலுக்கு நடுவுல விடு. கையை இழுக்காத, மாவு தானா இறங்கும்" என்றாங்க.

ஒரு வாரத்துல கோலம் கோலமா ஆச்சு. இடுப்பு இடுப்பா இல்லை. குனிஞ்சு எழுந்திரிக்கிறப்போ எல்லாம், அம்மா இதை இருபத்தஞ்சு வருஷமா செய்றாங்களே என்று தொண்டை அடைக்கும். அதுவும் முடிச்சுட்டு, அப்பாவுக்கு டிபன், சாப்பாடு, எனக்கு வெந்நீர். பாவம், எங்களுக்காகத் தூக்கத்தை விட்டுட்டாங்க என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன்.

டிசம்பர் 21 அன்னிக்குக் கோலத்தை முடிச்சுட்டு உட்கார்ந்திருந்தோம். வருஷத்துலயே குட்டிப் பகல் அது. எங்க ஊர்ல அன்னிக்கும் சுமார் 11 1/2 மணி நேரம் வெளிச்சம் உண்டு. ஆனா அஞ்சு மணிக்குக் கும்மிருட்டு. நான் ரொம்பப் பெரிய மனுஷனாட்டம் சொன்னேன்: "அம்மா, அடுத்த வருஷத்துல இருந்து நீ நாலு மணிக்கு எழுந்திரிக்க வேண்டாம். ஸ்டிக்கர் கோலம் வாங்கி ஒட்டிடலாம். அப்பாவுக்கு கேன்டீன் இருக்கு. நல்லாத் தூங்கு."

அம்மா சந்தோஷப்படுவாங்கன்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

"அத மட்டும் செஞ்சுடாதடா தம்பி" என்றாங்க அப்புறம். "அஞ்சு மணி ஆச்சுன்னா உங்க அப்பா கூப்பிடுவாரு. அப்புறம் நீ கூப்பிடுவ. கேஸ்காரன், பால்காரன், உங்க அக்கா போன்... ராத்திரி பத்து வரைக்கும் யாராவது 'அம்மா'ங்குறீங்க, இல்லேன்னா 'ஏய்'ங்குறீங்க. நாலுல இருந்து அஞ்சு வரைக்கும்தான் என்னை யாரும் கூப்பிட மாட்டாங்க. அந்த ஒரு மணி நேரந்தான்டா எனக்குன்னு இருக்கு. கோலம் சாமிக்குப் போடுறேனா, எனக்குப் போடுறேனான்னு நானே யோசிச்சதில்ல."

பொட்டில் அடிச்ச மாதிரி இருந்துச்சு. தியாகம், கஷ்டம் என்று நான் பெரிய பெரிய பேரெல்லாம் வெச்சுப் பார்த்தது அம்மாவோட ரகசிய சந்தோஷத்துக்கு. இத்தனை வருஷமா போர்வைக்குள்ள நான் ஒரு மார்கழியைக் கொண்டாடினேன். வாசல்ல அம்மா தனியா ஒரு மார்கழியைக் கொண்டாடியிருக்காங்க. கஷ்டம் இல்லைன்னு சொல்லலை. ஆனா கஷ்டம் நாலு மணியில இல்லை. அஞ்சு மணிக்கு மேலதான் இருக்கு. அங்கேதான் நாங்க எல்லாரும் இருக்கோம்.

புது வருஷம் பிறந்து ரெண்டு நாள்ல மாவுக்கட்டைப் பிரிச்சாங்க. டாக்டர் சின்னச் சின்ன வேலை செய்யச் சொன்னார். மறுநாள் விடியக்காலை வாசல்ல தண்ணி தெளிக்கிற சத்தம் கேட்டு முழிச்சேன். ஓடிப் போய் உதவணும்னு கை துடிச்சுது. போகலை. ஒரு மணி நேரம் போர்வைக்குள்ளயே கிடந்தேன். இந்தத் தடவை சோம்பேறித்தனத்துல இல்லை.

சரியா அஞ்சு மணிக்கு எழுந்து பால் காய்ச்சினேன். அப்பா ரூம்ல இருந்து "ஏய், துண்டு எங்கே?" என்று குரல் கொடுத்தார். "கொடியில இருக்கு, நீங்களே எடுத்துக்கோங்கப்பா" என்றேன். கொஞ்சம் அமைதி. அப்புறம் கொடிக்கயிறு அசையுற சத்தம்.

டம்ளரோட வாசலுக்குப் போனேன். ஏழு புள்ளியில சின்னதா ஒரு கோலம். கோடு லேசா நடுங்கியிருந்துச்சு. அம்மா படியில உட்கார்ந்து அதையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. டம்ளரை ரெண்டு கையாலயும் பொத்தி வாங்கி, ஒரு வாய் குடிச்சாங்க.

"தண்ணி ஜாஸ்தி" என்றாங்க. "நாளைக்குப் பாலை இன்னும் கொஞ்சம் சுண்ட விடு."

நாளைக்கும் நான்தான் போடணுமாம். அந்த ஆர்டர் கிடைச்சதுதான் இந்தக் குளிர்காலத்துல எனக்குக் கிடைச்ச பெரிய சுகம்!