கற்றாழையில் படியும் வெள்ளை

வன்னியில் விறாந்தை ஓரத்துச் சாடியில் நிற்கும் கற்றாழையின் மடல் இடுக்கில் பஞ்சு போல வெள்ளை படிந்துவிட்டால், வயலுக்கு வாங்கி மிஞ்சிய மருந்துப் போத்தலைத் தேடுகிறவர்கள் பலர். பூச்சி எதுவென்று பார்க்காமல் மருந்தைத் தேடுவது பிழை. இதற்கு நம் நாட்டின் வரலாறே சான்று. 1795இல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்கு ஒரு பூச்சியைக் கொண்டுவந்தார்கள். சிவப்புச் சாயம் தரும் உயர்ந்த கொச்சினீல் பூச்சி என்று நம்பினார்கள். வந்ததோ சாயம் மட்டமான வேறோர் இனம். ஆனால் கள்ளியில் ஒரு வகையை அது சாறுறிஞ்சியே அழித்தது. அந்தக் கள்ளியை ஒழிக்கவென்றே 1865 அளவில் அதை இலங்கைக்கும் கொண்டுவந்தார்கள். நம் கரையோரங்களில் மண்டும் நாகதாளி என்ற வேறு வகைக் கள்ளியை அது அழிக்காது. அதற்கு இன்னோர் இனம் வேண்டியிருந்தது. அந்த இனம் 1926இல் இங்கிருந்து தமிழகத்துக்குப் போய் அங்கே நாகதாளியை அடக்கியது. கண்ணுக்கு இரண்டும் ஒரே வெள்ளைதான்.

பப்பாசி மாவுப்பூச்சியும் இதையே சொல்கிறது. 2008இல் இலங்கையில் அது தென்பட்டபோது மருந்தடித்து ஒழிக்க முடியவில்லை. உடம்பை மூடிய மெழுகுப்பொடியில் மருந்துநீர் ஒட்டாது. முட்டைகளோ பஞ்சுப்பைக்குள் பத்திரமாயிருக்கும். இனம் சரியாகத் தெரிந்திருந்ததால்தான் அடுத்த ஆண்டே அதற்குரிய ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்து விட முடிந்தது. வீட்டுச் சாடியின் மாவுப்பூச்சிக்குக் குளவி எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் அங்கே கைதான் வேலை செய்ய வேண்டும். பருத்திப் பஞ்சில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டு, முதலில் ஒரு மடலில் பரீட்சித்துவிட்டு, இடுக்கிடுக்காகத் துடைத்தெடுக்க வேண்டும். பிறகு பொரிக்கும் குஞ்சுகளுக்காகக் கிழமைக்கொரு தடவை, புதிதாக எதுவும் தென்படாமல் போகும் வரை இதைத் தொடர வேண்டும். வெயிலில் வைத்துத் துடைத்தால் மடல் கருகும்.

இவ்வளவு மினக்கெடுவதைவிட ஒருமுறை அடித்தால் போதாதா என்பார்கள். பிள்ளைகள் தவழும் விறாந்தையில் வயல் நஞ்சைத் தெளிப்பது ஒரு செடிக்காகச் செய்யத் தகாத காரியம். சாறுண்ணிகளுக்கென்று இங்கே நெடுங்காலம் அடித்த டைமெதோயேட்டை, மனித உயிர்களைக் குடித்த காரணத்தாலேயே அரசு தடைசெய்தது. மருந்து அடித்தாலும் எறும்பு ஏறிக்கொண்டிருந்தால் பயன் குறைவு. பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், குஞ்சுகளைக் காவிக்கொண்டும் போகும். சாடியின் அடியில் தண்ணீர்த் தட்டு வைத்து, நடுவில் கல்லில் சாடியை உயர்த்தினால் வழி அடைபடும். சாடியின் துவாரம் தண்ணீரில் படக்கூடாது, கற்றாழை வேரழுகிப் போகும்.

மடல் சுத்தமாயிருந்தும் செடி வாடினால் சாடியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். அங்கே வெள்ளைப் பொடி படிந்திருந்தால் மண்ணை முழுதாகக் கழுவி, சில நாள் நிழலில் உலர்த்தி, புது மண்ணில் நட வேண்டும். வெள்ளையே இல்லாமல் மடலில் கட்டி கட்டியாகக் கோணல் வளர்ச்சி கண்டால் அது கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியின் வேலை. அதற்கு ஸ்பிரிட்டும் உதவாது. அந்தப் பகுதியை வெட்டி எரித்து, கத்தியையும் கழுவிவிட வேண்டும்.