மழைக் கணக்கு

அக்டோபர் 6, திங்கள்

பழைய மழைப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் வேலை தொடங்கியது. பக்கத்துக்கு ஒரு மாதம், 1 முதல் 31 வரை கட்டங்கள். டேபிளையும் அப்படியே போட்டுவிடலாம் என்கிறார் கூட வேலை பார்க்கும் தம்பி. போட்டால் பிப்ரவரி 30-க்கும் ஒரு கட்டம் சும்மா நிற்கும். அக்டோபர் 25 முதல் நவம்பர் 5 வரை சராசரி வேண்டுமென்றால் குவெரி எழுதி மாளாது. நிலையம், தேதி, அளவு என நாளுக்கு ஒரு வரி போதும். 100 நிலையம், 50 ஆண்டு என்றாலும் 18 லட்சத்துச் சொச்சம் வரிகள்தான். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

தேதிதான் தலைவலி. வானிலைத் துறை மழையை அளப்பது காலை 8.30-க்கு. அதற்கு முந்தைய 24 மணி நேர மழை அளந்த நாளின் கணக்கில் வரும். 2015-இல் சென்னையை மூழ்கடித்த மழை கொட்டியது டிசம்பர் 1; தாம்பரத்தின் 49 செ.மீ. பதிவானதோ டிசம்பர் 2. குழப்பமே வேண்டாமென்று ‘அளந்த தேதி’ என்றே பெயர் வைத்தேன். நிலையமும் அதுவும் சேர்ந்து பிரைமரி கீ. ஒரே நாள் இரண்டு முறை ஏறாது.

12.4 மி.மீ. என்பதை 124 என்று முழு எண்ணாக வைத்தால் இரண்டு பைட் ஸ்மால்இன்ட் போதும். 3,276.7 மி.மீ. வரை தாங்கும். ஒரு நாள் மழையில் உலக சாதனையே 1966-இல் ரீயூனியன் தீவில் பெய்த 1,825 மி.மீ.தான்.

அக்டோபர் 9, வியாழன்

ஒரு பக்கத்தில் 14 முதல் 17 வரை வெறுமை. அளந்தவர் விடுப்பில் இருந்தாரோ என்னவோ. தம்பி பூஜ்யம் போடப் போனார், தடுத்தேன். மழை இல்லை என்பது வேறு, அளக்கவே இல்லை என்பது வேறு. 10, 0, வெறுமை, 20: வெறுமையை நல் (NULL) என்று விட்டால் சராசரி 10. பூஜ்யமாக்கினால் 7.5.

சாயங்காலம் அடுத்த வாக்குவாதம். மாதச் சராசரிகளைச் சேமித்து, அவற்றிலிருந்து ஆண்டுச் சராசரி எடுக்கலாமாம். ஒரு மாதம் 30 நாளும் அளந்து சராசரி 2; அடுத்த மாதம் 5 நாள் மட்டும் அளந்து சராசரி 16. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 9. நாள்வாரியாகப் பார்த்தால் 140-ஐ 35-ஆல் வகுக்க வேண்டும், வருவது 4. காகிதத்தில் போட்டுக் காட்டியதும் தம்பி அமைதியானார்.

அக்டோபர் 13, திங்கள்

மாதத் தொகுப்பில் சராசரியே கிடையாது. கூட்டுத்தொகையும் அளந்த நாள் எண்ணிக்கையும்தான். ஆண்டுக்கு 12 வரிகளைக் கூட்டி வகுத்தால் விடை வந்துவிடும். பழைய அளவு ஒன்று திருத்தப்பட்டால் அந்த மாதத்து வரியை மட்டும் மறுபடி போட்டால் போதும். ஒன்றில் மட்டும் நான் பிடிவாதம்: எத்தனை நாள் அளந்தது என்று பக்கத்தில் காட்டாமல் எந்தச் சராசரியும் அறிக்கையில் ஏறக்கூடாது.