ஹர்ராவின் ஓரமாக கைபருக்கு ஒரு பகற்பயணம்

உம்ராவை நிறைவேற்றியபின் மதீனா முனவ்வராவில் ஒரு வாரம், பத்து நாட்கள் தங்கும் குடும்பங்கள் இன்று பல. வளைகுடாவில் பணிபுரியும் பிள்ளைகள் பெற்றோரைக் காரிலேயே அழைத்து வருகின்றனர். உம்ரா விசாவில் வருவோரும் நாட்டின் பிற ஊர்களுக்குச் சென்றுவரத் தடையில்லை. உஹது, குபா, கிப்லதைன் ஆகிய இடங்களைக் கண்டபின், 'இன்னும் ஒரு பகல் இருக்கிறதே, எங்கே செல்லலாம்?' என்று கேட்போருக்கு என் விடை: கைபர்.

'மஸ்ஜிதுந் நபவியில் ஒரு தொழுகை, மஸ்ஜிதுல் ஹராம் நீங்கலாக, மற்றப் பள்ளிகளின் ஆயிரம் தொழுகையினும் மேலானதாயிற்றே! அதை விட்டுக் கல்லையும் மண்ணையும் காணச் செல்வதா?' என்று பெரியவர்கள் வினவக்கூடும். நியாயமான வினாவே. இரண்டு மூன்று நாட்களே தங்குவோர் அந்தப் பள்ளியை விட்டு அகலாதிருப்பதே சிறப்பு. நாட்கள் மிகுதியாக உள்ளோர் சுப்ஹை நபவியில் தொழுது புறப்பட்டு, மஃரிபுக்கு அங்கேயே திரும்பிவிடும்படி திட்டமிடலாம். பூமியில் பயணம் செய்து முன்னோரின் முடிவைச் சிந்திக்குமாறு திருமறை பன்முறை அழைக்கிறது. நோக்கம் படிப்பினையாயின், அந்தப் பகலும் வீணன்று.

மதீனாவே இரண்டு ஹர்ராக்களுக்கு இடையில் அமைந்த ஊர். எரிமலைக் குழம்பு வழிந்தோடி இறுகிய கருங்கல் வெளியைத்தான் அரபிகள் ஹர்ரா என்பர். தாம் ஹிஜ்ரத் செய்யவிருக்கும் பூமி, இரு கருங்கல் வெளிகளுக்கு இடையே பேரீச்ச மரங்கள் நிறைந்ததாகக் காட்டப்பட்டது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தது புகாரியில் பதிவாகியுள்ளது.

அந்தக் கல் ஒரு காலத்தில் நெருப்பாக இருந்ததற்கு வரலாறே சாட்சி. ஹிஜ்ரி 654இல், அதாவது கி.பி. 1256இல், மதீனாவின் தென்கிழக்கே நிலம் பிளந்து 52 நாட்கள் நெருப்பைக் கக்கியது. குழம்பு 23 கிலோமீட்டர் ஓடி, நகருக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவில் நின்றது. ஹிஜாஸிலிருந்து ஒரு நெருப்பு வெளிப்படும், அது புஸ்ராவிலுள்ள ஒட்டகங்களின் கழுத்துகளை ஒளிபெறச் செய்யும் என்ற நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. அந்நெருப்பு தம் காலத்திலேயே வெளிப்பட்டதை இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தம் முஸ்லிம் விரிவுரையில் எழுதியுள்ளார்கள்.

கைபர், மதீனாவுக்கு வடக்கே தபூக் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 150 கிலோமீட்டரில் உள்ளது. இரண்டு மணி நேரப் பயணம். சாலை நல்ல சாலை. ஊரை நெருங்க நெருங்கக் கிழக்கே ஹர்ரத் கைபர் விரிகிறது. புல்லும் மரமும் அரிதான கரிய வெளி. காணும் நெஞ்சம் தானே அமைதியுறும். உள்ளே தொலைவில், 'வெள்ளை' என்று பொருள்படும் அப்யள், பைளா என்ற வெண்ணிற எரிமலைகளும், அவற்றின் அருகே 'பானை' எனப் பொருள்படும் கித்ர் என்ற கரிய எரிமலையும் உள்ளன. அப்யள் 2,000 மீட்டருக்கும் உயர்ந்தது. குழம்பின் தன்மை வேறுபட்டதால் நிறமும் வேறுபட்டது.

அந்த வெண்மலைகளை நோக்கிக் காரைத் திருப்பிவிடாதீர்கள். அங்கே சாலை இல்லை. கூரிய கற்கள் டயரைக் கிழிக்கும். கைப்பேசியும் பயன்படாது போகும். வழியறிந்த உள்ளூர்க்காரர் துணையும் தக்க வாகனமும் இன்றி அங்கு செல்வது உயிரைப் பணயம் வைப்பதாகும். பிள்ளைகளோடு செல்வோருக்குச் சாலையும், கைபரின் சோலையும், பழைய மண்வீடுகளும் கோட்டைச் சிதைவுகளுமே போதும். இச்சோலையைச் சுற்றி 4,000 ஆண்டுகளுக்கு முன் 14.5 கிலோமீட்டர் நீள அரண் இருந்ததை 2024இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். மழை பெய்யும் நாளில் ஓடைப் பள்ளங்களில் இறங்கலாகாது. மதீனாவிலேயே பெட்ரோலை நிரப்பிக்கொள்க. நீரைத் தேவைக்கு இருமடங்கு எடுத்துக்கொள்க. ரொட்டியும் பேரீச்சம்பழமும் போதிய உணவு. கைபர் செல்லும் வழியில் ஸஹ்பா என்னுமிடத்தில் நபிகளாரும் தோழர்களும் நனைத்த மாவையே உண்டனர் என்பதை நினைவுகூர்க. கஸ்ரு தொழுகையை அவரவர் மத்ஹபின்படி நிறைவேற்றுக.

எல்லாவற்றினும் முதன்மையானது ஓட்டுநரின் உறக்கம். கைபரிலிருந்து திரும்பிய இரவில் நபிகளார் (ஸல்) ஓய்வுக்கு இறங்கி, விழித்திருக்குமாறு பிலால் (ரலி) அவர்களைப் பணித்தார்கள். பிலால் (ரலி) தம் ஒட்டகத்தில் சாய்ந்தவாறே கண்ணயர்ந்தார்கள். வெயில் சுட்ட பின்னரே அனைவரும் எழுந்தார்கள் என்று முஸ்லிமில் உள்ளது. பிலாலையே வென்ற உறக்கம் நம்மை விடுமா? கண் சொருகினால் வண்டியை நிறுத்துங்கள். மாற்றி ஓட்ட ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். 2018 முதல் பெண்களும் அங்கு வாகனம் ஓட்டுகின்றனர். உரிமம் உள்ள சகோதரியும் துணையாகலாம். ஒட்டகங்கள் சாலையின் குறுக்கே வரும். இருட்டுமுன் மதீனாவை அடைந்துவிடுக.

சோலை நிழலில் அமரும்போது பிள்ளைகளுக்கு ஒரு செய்தியைச் சொல்லுங்கள். ஹிஜ்ரி 7இல் கைபர் வெற்றிகொள்ளப்பட்டபின், உமர் (ரலி) அவர்களுக்கு இங்கே ஒரு நிலம் கிடைத்தது. அதனினும் உயர்ந்த சொத்து தமக்கு வாய்த்ததில்லை என்று கூறி, நபிகளாரிடம் ஆலோசனை கேட்டார்கள். விரும்பினால் நிலத்தை நிறுத்தி வைத்து விளைச்சலைத் தர்மமாக்குமாறு நபிகளார் வழிகாட்டினார்கள். விற்கவோ, அன்பளிக்கவோ, வாரிசுகள் பங்கிடவோ இயலாதபடி அது வக்ஃபாயிற்று. நம் ஊர்ப் பள்ளிவாசலின் தென்னந்தோப்பும், மதரஸாவின் வயலும் அந்த முன்மாதிரியின் வழி வந்தவையே. அவற்றில் ஒரு முழம் நிலத்தை வேலி தள்ளிப் போடுவோர் எதை அபகரிக்கிறோம் என்பதை உணர்வதில்லை.

நெருப்பு கல்லானது, கல்வெளியின் நடுவே சோலை வளர்ந்தது, அச்சோலை ஏழைகளுக்கு உணவானது. இந்த ஒன்றை நெஞ்சில் ஏற்றிக்கொண்டு திரும்பினால், பகல் முழுதும் பயணம் செய்ததற்குப் பலன் கிட்டியதாகும். வல்ல நாயன் நம் பயணங்களை நலமாக்கி அருள்வானாக! ஆமீன்.